கடைசித் தண்ணி

கிறீம் நிறக் காஞ்சிபுரம். மணமகளின் தாயாருடையது. விடிய ஆறு மணிக்கு வந்து எடுத்துப்போவதாகப் பேச்சு. இரவு பத்து மணிக்கு முந்தானை மடிப்பின் மேல் கடைசி இழுவை இழுத்துக்கொண்டிருந்தபோது என் ஸ்டீம் அயன் ஒருமுறை செருமியது. செருமி, தேத்தண்ணி நிறத்தில் மூன்று சொட்டைத் துப்பியது.

நான் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் இருக்கிறேன். சாறி மடித்து அயன் பண்ணிக் கொடுப்பது என் தொழில், பதினொரு வருடமாகிறது. அந்த மூன்று சொட்டில் இரண்டை எப்படியோ எடுத்துவிட்டேன். துணிக்கு அடியில் வெள்ளைத் துவாய் ஒன்றை வைத்து, குடிக்கிற ஆர்ஓ தண்ணீரில் (கரைந்த உப்பையும் சுண்ணாம்பையும் மெல்லிய சவ்வால் வடித்தெடுக்கிற மெசின் தருவது) நனைத்த பஞ்சால் வெளியிலிருந்து உள்ளுக்கு ஒற்றி ஒற்றி எடுத்தேன். தேய்க்கவில்லை. பட்டைத் தேய்த்தால் கறையோடு பளபளப்பும் போய்விடும். மூன்றாவது சொட்டு வெளிர் மஞ்சளாகத் தங்கிவிட்டது. அது உள்பக்கம் வரும்படி திருப்பி மடித்து, காலையில் வந்த அக்காவிடம் நடந்ததைச் சொல்லி, கூலி வாங்காமல் அனுப்பினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் ஒரு கிழமை சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் தண்ணீரைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். இப்போது சாறி கொண்டுவருகிறவர்கள் என்னிடம் அயனைவிடத் தண்ணீரைப் பற்றித்தான் கூடுதலாகக் கேட்கிறார்கள். "ஆர்ஓ தண்ணியில தோய்ச்சா உடுப்பு வெள்ளையா வருமா அக்கா?" வரும், ஆனால் முழுத் தோய்ப்பையும் அதில் செய்யத் தேவையில்லை. ஊத்தையைக் கழற்றச் சவர்க்காரமும் சாதாரணத் தண்ணீரும் போதும். துணியிலோ கண்ணாடியிலோ கடைசியாக நின்று காய்கிற தண்ணீர் இருக்கிறதே, அது மட்டும் சுத்தமாக இருந்தால் சரி. தண்ணீர் ஆவியாகிவிடும், அதற்குள் கரைந்திருந்த சுண்ணாம்பும் உப்பும் இரும்பும் ஆவியாகாமல் அங்கேயே இருந்துவிடும். இந்தக் கடைசித் தண்ணியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

உங்கள் பைப்பில் வருவது எது?

கொழும்புக்கு வருகிற குழாய்நீர் களனி ஆற்றிலிருந்து அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரிப்பதும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்து வருவதும். லபுகம 1880களில் கட்டியது. மழை கொட்டுகிற ஈரவலயத்துத் தண்ணீர், சுண்ணாம்பு நிலத்தில் ஊறிக் கிடக்காத தண்ணீர். அதனால் இயல்பிலேயே அது மென்னீர்.

யாழ்ப்பாணத்தில் கதை வேறு. அங்கே நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீர் வன்னீர். அம்மா 1996இல் கொழும்புக்கு வந்த முதல் கிழமை, ஊரில் போடுகிற அளவுக்குச் சன்லைட் சவர்க்காரத்தைப் போட்டுத் தேய்த்துவிட்டு, நுரை வாளியை மீறிப் பொங்கி வழிய, குளியலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இதென்ன பிள்ளை, கள்ளுப் பானை மாதிரி." ஊரில் பாதிச் சவர்க்காரம் தண்ணீரிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து திரைந்து, துணியில் சாம்பல் நிறப் படையாக ஒட்டிக்கொள்ளும். இங்கே முழுதும் நுரையாக வந்தது.

அப்படியென்றால் கொழும்பில் என்ன பிரச்சினை? தொடர்மாடிதான் பிரச்சினை. எங்கள் கட்டடத்தில் குழாய்நீர் கீழ்த் தாங்கிக்கு வந்து, மோட்டரால் மொட்டைமாடித் தாங்கிக்கு ஏறுகிறது. நீர்வெட்டு நாட்களிலும், தண்ணீர்க் கட்டணத்தைக் குறைக்க நினைக்கிற நாட்களிலும் அதே தாங்கிக்குள் குழாய்க்கிணற்றுத் தண்ணீரும் ஏறும். கடற்கரையை அண்டிய கிணறு. கொஞ்சம் உவர், நிறைய இரும்பு. மோட்டர் போடுவது எங்கள் காவலாளி அண்ணை. எந்த நாள் எந்தத் தண்ணீர் என்பது அவருக்குத்தான் வெளிச்சம். அன்று என் அயனுக்குள் ஊற்றியது குளியலறைப் பைப்பில் பிடித்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

உங்கள் வீட்டில் என்ன வருகிறது என்று கண்டுபிடிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. மூன்று போத்தல் போதும். மூன்றும் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற, நிறமில்லாத போத்தலாக இருக்கட்டும்.

முதல் போத்தலில் அரைவாசிக்குத் தண்ணீர் பிடித்து, கட்டிச் சவர்க்காரத்தைச் சுண்டுவிரல் நகமளவு சீவிப் போட்டு, மூடி நன்றாகக் குலுக்குங்கள். வோஷிங் பவுடர் கூடாது. அதில் வன்னீரைச் சமாளிக்கிற பொருட்கள் ஏற்கனவே இருக்கும், உண்மை தெரியாது. மேலே தடிப்பாக நுரை நின்று கீழே தண்ணீர் தெளிவாக இருந்தால் மென்னீர். நுரை வந்தவுடன் அடங்கி, தண்ணீர் பால் கலந்ததுபோலக் கலங்கி, ஓரத்தில் திரை திரையாக ஒட்டினால் வன்னீர். ஒப்பிட்டுப் பார்க்க, குடிக்கிற ஆர்ஓ தண்ணீரில் ஒரு போத்தல் செய்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்கு முன்னால் நிற்கும்.

இரண்டாவதில் தண்ணீரைப் பிடித்து, மூடாமல் ஒரு இரவு யன்னல் கட்டில் வைத்துவிடுங்கள். பிடிக்கும்போது பளிங்குபோல இருந்த தண்ணீர் விடியும்போது மெல்லிய செம்மஞ்சளாகி, அடியில் பொடி படிந்திருந்தால் அது இரும்பு. நிலத்துக்குள் இருக்கும்வரை அது நிறமில்லாமல் கரைந்திருக்கும்; காற்றுப் பட்டதும் துருவாகி வெளியே வரும்.

மூன்றாவது பொறுமையில்லாதவர்களுக்கு. ஒரு போத்தல் தண்ணீரில் நாலைந்து சொட்டு குளோரின் பிளீச் விடுங்கள். இரும்பு இருந்தால் ஒரு இரவு காத்திருக்கத் தேவையில்லை, சில நிமிடத்திலேயே மஞ்சளாகத் திரும்பத் தொடங்கும். இந்தப் போத்தலை மறந்துவிடாதீர்கள். வெள்ளைச் சீருடைகள் ஏன் மஞ்சளாகின்றன என்ற கேள்விக்குப் பதில் இதற்குள்தான் இருக்கிறது, கீழே வருகிறேன்.

சின்ன டிடிஎஸ் மீற்றர் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். தண்ணீரில் மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும்; சுண்ணாம்பா, உப்பா, இரும்பா என்று பிரித்துச் சொல்லாது. ஒரு லீற்றரில் 0.3 மில்லிகிராம் இரும்பு இருந்தாலே துணியில் கறை பிடிக்கத் தொடங்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தச் சொற்பம் மீற்றரில் தெரியவே தெரியாது. ஆகவே மீற்றர் இருந்தாலும் போத்தல் வேண்டும்.

எது சுத்திகரித்த தண்ணீர்?

கடையில் எல்லாவற்றையும் 'பியூரிஃபயர்' என்றே விற்கிறார்கள். யூவி லைட் கிருமியைக் கொல்லும், சுண்ணாம்பைத் தொடாது. மண் வடிகட்டியும் கரி வடிகட்டியும் கலங்கலையும் மணத்தையும் எடுக்கும், கரைந்த உப்பை எடுக்காது. கொதிக்கவைத்தால் வன்மையில் ஒரு பகுதி கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும், மிகுதி தண்ணீரிலேயே இருக்கும். குடிக்க இவை நல்லவைதான். கறை படாமல் காய வேண்டும் என்றால் மூன்றில் ஒன்று வேண்டும்: ஆர்ஓ, காய்ச்சி வடித்த நீர், அல்லது அயன் நீக்கிய நீர். கடைசி அயன் இரசாயனப் பாடத்து அயன், என் மேசையில் இருக்கிற அயன் இல்லை.

வீட்டில் காய்ச்சி வடிக்கலாமே என்று ஒரு தம்பி கேட்டார். ஒரு லீற்றரைக் கொதிக்கவைத்து முழுதும் ஆவியாக்க ஏறக்குறைய 0.7 யூனிட் கரண்ட் போகும். இப்போதைய மின்சாரப் பில்லில் அதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

ஆர்ஓவுக்கும் ஒரு விலை இருக்கிறது. எங்கள் மெசின் பத்து லீற்றர் உள்ளே இழுத்தால் மூன்று லீற்றர் நல்ல தண்ணீர் தரும், ஏழு லீற்றரைக் கழிவுக் குழாயில் விடும். குழாய்நீரும் கிணற்றுத் தண்ணீரும் கலந்து வருகிற நாளில் டிடிஎஸ் மீற்றரால் அளந்தேன்: உள்ளே போவது 310, நல்லது 18, கழிவு 430. முன்கதவு வோஷிங் மெசின் ஒரு தோய்ப்புக்கு ஐம்பது, அறுபது லீற்றர் எடுக்கும் என்று வையுங்கள். அறுபது லீற்றர் ஆர்ஓ தண்ணீருக்கு நூற்றி நாற்பது லீற்றர் கழிவு. ஒரு மெசின் உடுப்புக்கு இருநூறு லீற்றர்! ஆகவேதான் ஐந்து லீற்றர் வாளி ஒன்றோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறேன்.

வெள்ளைச் சீருடை

இலங்கையில் பள்ளிக்கூடப் பிள்ளை உள்ள எந்த வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை என்றால் வெள்ளை உடுப்புத்தான். வெள்ளைச் சேட், வெள்ளைக் கவுண், வெள்ளைச் சப்பாத்து. தவணை தொடங்கும்போது பாலாக இருந்தது தவணை முடிய முன் பழைய கடதாசி நிறத்துக்கு வந்துவிடும். என் தங்கையின் மகனுடைய சேட்டும் அப்படித்தான். அவள் ஒவ்வொரு கிழமையும் பிளீச் கூட்டிக்கொண்டே போனாள்; சேட் ஒவ்வொரு கிழமையும் மஞ்சளாகிக்கொண்டே போனது. அவளிருப்பது தெஹிவளையில், அங்கேயும் குழாய்க்கிணறு. மூன்றாவது போத்தல் அவளுடைய வாளிக்குள் முழுதாக நடந்துகொண்டிருந்தது. பிளீச் பட்டவுடன் தண்ணீரிலிருந்த இரும்பு துருவாகி, நூலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. தோய்த்தது மாதிரி இல்லை, சாயம் போட்டது மாதிரி.

எனவே இரும்புத் தண்ணீர் என்று தெரிந்தால் குளோரின் பிளீச்சைத் தொடாதீர்கள். ஒட்சிசன் வகை வெண்மையாக்கும் தூள் பாவிக்கலாம்.

செய்யும் முறை இதுதான். உடுப்பை வழமைபோல மெசினிலோ கையாலோ தோய்த்து, வழமைபோல அலசுங்கள். பிறகு நன்றாகப் பிழியுங்கள். மெசின் இருந்தால் ஸ்பின்னில் விடுங்கள். பலர் விடுகிற பிழை இந்த இடத்தில்தான்: தண்ணீர் சொட்டச் சொட்டத் தூக்கி நல்ல வாளிக்குள் போட்டுவிடுகிறார்கள். கணக்குப் பாருங்கள். நாலு சேட் ஏறக்குறைய 800 கிராம். கையால் பிழிந்தால் கிட்டத்தட்ட அதே எடைக்குத் தண்ணீர் உள்ளே நிற்கும். அதை ஐந்து லீற்றர் ஆர்ஓ தண்ணீரில் போட்டால் பழைய தண்ணீரின் கனிமம் ஏழில் ஒன்றாகக் குறையும். ஸ்பின்னில் விட்டு 400 மில்லிலீற்றராக்கிவிட்டுப் போட்டால் பதின்மூன்றில் ஒன்று. ஒரு சொட்டு ஆர்ஓ கூட்டாமலே ஏறக்குறைய இரண்டு மடங்கு பலன்.

வாளியில் உடுப்பை அமுக்கி, இரண்டு நிமிடம் மேலும் கீழும் ஆட்டி, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பிழிந்து காயப்போடுங்கள். மீந்த தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள்; அடுத்த மெசின் உடுப்பின் முதல் தோய்ப்புக்கு அது தாராளம். நீலம் போடுகிறவர்கள் இந்த வாளியில்தான் போடவேண்டும். நீலத்தை முதலில் ஒரு கோப்பைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து வாளியில் கலக்கிய பிறகே உடுப்பு உள்ளே போகவேண்டும், இல்லாவிட்டால் தோளில் ஒரு நீலத் தீவு வரும். வேட்டிக்குக் கஞ்சி போடுவதும் இதே வாளியில்தான்.

வோஷிங் பவுடர் அளவைப் பற்றி ஒரு சொல். நல்ல குழாய்நீர் மட்டும் வருகிற வீட்டுக்காரர் பக்கெற்றில் போட்டிருக்கிற அளவில் பாதியோடு தொடங்கிப் பாருங்கள். மென்னீரில் அளவுக்கு மிஞ்சிப் போட்டால் நுரை போகவே போகாது. அலசி அலசித் தண்ணீர்தான் வீண். உடுப்பு காய்ந்த பிறகு முரமுரவென்று இருந்தால் பெரும்பாலும் அலசப்படாத பவுடர்தான், தண்ணீரில் குற்றமில்லை.

ஏற்கனவே மஞ்சள் பிடித்த வெள்ளைப் பருத்திக்குத் தேசிக்காய். அரைத் தேசிக்காயைக் கறையில் பிழிந்து, மேலே தூள் உப்பைத் தூவி, வெயிலில் ஒரு மணித்தியாலம். காய்ந்தால் இன்னும் கொஞ்சம் பிழியுங்கள். பிறகு அலசி, மறுபடி பார்த்து, தேவையென்றால் திரும்பச் செய்யுங்கள். தங்கை மகனின் சேட்டுக்கு மூன்று ஞாயிறு எடுத்தது. கழுத்துப்பட்டி மட்டும் முழுதாக வரவில்லை. நிறத் துணிக்கும் பட்டுக்கும் சரிகைக்கும் இந்த வேலை கூடாது. அப்புறம், இது விளையாட்டில்லை: தேசிக்காய், விநாகிரி, மலசலகூடம் கழுவும் அமிலம், இதில் எதையும் பிளீச்சோடு ஒரே வாளியில் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

அயனுக்குள் ஊற்றுவது

முதலில் பெட்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள். எரிந்துவிழாதீர்கள், நானும் பார்க்காதவள்தான். பார்த்திருந்தால் அந்தக் காஞ்சிபுரம் தப்பியிருக்கும். பல நிறுவனங்கள் சாதாரணத் தண்ணீரையே ஊற்றச் சொல்கின்றன. வன்னீர் என்றால் பாதிக்குப் பாதி கனிமம் நீக்கிய தண்ணீர் கலக்கச் சொல்கின்றன. முழுக்க முழுக்கக் காய்ச்சி வடித்த நீர் சில வகை அயனில் ஒழுகும், துப்பும். என்னுடையதுக்குப் பாதிப் பாதி ஒத்துவருகிறது. ஒரு போத்தலில் கோடு கீறி வைத்திருக்கிறேன்.

காய்ச்சி வடித்த நீர் வேண்டுமென்றால் பஞ்சிகாவத்தைப் பக்கம் வாகனச் சாமான் கடைகளில் பற்றறித் தண்ணீர் என்று கேட்கலாம். வாங்கும்போது லேபலை இரண்டுதரம் வாசியுங்கள். பற்றறி அசிட் வேறு, பற்றறித் தண்ணீர் வேறு. அசிட் என்றால் கந்தக அமிலம். இரண்டும் நிறமில்லாதவை, பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருப்பவை. வீட்டுக்கு வந்ததும் வேறு போத்தலுக்கு மாற்றாமல், வாங்கிய போத்தலிலேயே வைத்திருங்கள்.

ஏசித் தண்ணீரை அயனுக்கு ஊற்றலாமா என்று கேட்காத ஆளில்லை. அது காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து வடிவது; மீற்றரில் ஆர்ஓ மாதிரியே காட்டும். ஆனால் வடிகிற தட்டில் தூசும் பாசியும் இருக்கும். சூடானால் அதெல்லாம் கருகித் துணியில் விழும். ஊற்றவேண்டாம். வாசனைத் தண்ணீர், விநாகிரி, கஞ்சித் தண்ணீர் எதுவும் வேண்டாம்.

துப்புகிற நோய்க்குத் தண்ணீர் மட்டும் காரணமில்லை. சூடு குறைந்த நிலையில் ஆவியைத் திறந்தாலும் துப்பும். கஞ்சி போட்ட வேட்டிகளைத் தொடர்ந்து தேய்த்தால் அடித்தட்டின் துளைகளில் கஞ்சி கருகிப் பிறகு மண்ணிறமாக வரும். அதனால் இப்போது என் ஒழுங்கு இப்படி: சூடேறும்வரை காத்திருப்பேன். பழைய வெள்ளைத் தலையணையுறை ஒன்றை விரித்து அதன் மேல் ஒரு நிமிடம் முழு ஆவியும் விடுவேன். உறையில் புள்ளி இல்லையென்றால்தான் சாறி மேசைக்கு வரும். வேலை முடிந்ததும் சூடு இருக்கும்போதே கரண்டைக் கழற்றிவிட்டு, மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிடுவேன். அந்தத் தலையணையுறை இப்போது கடலை வறுத்த துணி மாதிரி இருக்கிறது. எறிய மனமில்லை.

கடற்காற்றும் கண்ணாடியும்

கடலைப் பார்த்த யன்னல் என்று சொல்லி வீட்டு விலையைக் கூட்டுவார்கள். அந்த யன்னலைத் துடைக்கிறவருக்கு ஒரு சலுகையும் இல்லை. தென்மேல் பருவக்காற்று வீசுகிற மாதங்களில் காலையில் துடைத்த கண்ணாடி மாலையில் மங்கிவிடும். விரலை வைத்தால் பிசுக்கென்று ஒட்டும், நக்கிப் பார்த்தால் உப்பு (பார்த்திருக்கிறேன்). உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்திருப்பதால்தான் அந்தப் பிசுபிசுப்பு.

உலர்ந்த துணியாலோ பேப்பராலோ துடைக்கத் தொடங்காதீர்கள். உப்போடு ஒட்டியிருக்கிற மணல் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் நிறையத் தண்ணீர் விட்டு உப்பைக் கரைத்து இறக்கவேண்டும். இதற்குப் பைப்புத் தண்ணீரே போதும், நனைந்த துணியைத் தாராளமாக ஓடவிடுங்கள். அடுத்து ஒரு லீற்றர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு, மூன்று சொட்டு. கூட்டினால் கோடு விழும். இறப்பர் பட்டியால் மேலிருந்து கீழே இழுங்கள். ஒவ்வொரு இழுவைக்கும் பிறகு பட்டியைத் துடையுங்கள்.

கடைசியாக ஸ்பிரே போத்தலில் ஆர்ஓ தண்ணீரை அடித்து, இன்னொரு இழுவை. மூலையில் நிற்கிற சொட்டுகளை விட்டாலும் பரவாயில்லை, காய்ந்த பிறகு அங்கே வெள்ளை வளையம் இருக்காது. உயரக் கட்டடங்களின் கண்ணாடி துடைக்கிறவர்கள் நீண்ட குழாய்த் தடியில் கனிமம் நீக்கிய தண்ணீரைப் பாய்ச்சிவிட்டுத் துடைக்காமலே போவது இதனால்தான். ஆறடி அகல யன்னலுக்கு எனக்கு அரை லீற்றர்கூடப் போகாது. வெயில் நேரே விழும்போது இந்த வேலையைத் தொடங்காதீர்கள். இழுக்க முன்பே காய்ந்துவிடும். வெள்ளவத்தையில் கடற்பக்கம் என்றால் காலை பத்துக்குள்.

முகம் பார்க்கும் கண்ணாடி, மூக்குக்கண்ணாடி, குளியலறைக் கண்ணாடித் தடுப்பு, கறுப்பு கிரனைட் பலகை எல்லாவற்றுக்கும் இதே ஒழுங்கு. டீவியில் மட்டும் நேரே அடிக்காமல் துணியில் அடித்துத் துடையுங்கள். நிலத்துக்கு ஆர்ஓ வீண்செலவு. கறுப்பு ரைல்ஸ் போட்டவர்கள் வேண்டுமென்றால் கடைசித் துடைப்புக்கு அரை வாளி எடுக்கலாம்.

குத்துவிளக்கு

வெள்ளிக்கிழமை விளக்கை அம்மா பழப்புளியும் சாம்பலும் போட்டுத்தான் தேய்ப்பார். இதில் நான் வாய் திறப்பதில்லை. ஆனால் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்த விளக்கில் மறுநாள் புள்ளி புள்ளியாக மங்கல் விழுந்து, அம்மா மறுபடி தேய்க்கத் தொடங்குவார். ஒரு வெள்ளிக்கிழமை அவர் கழுவி வைத்ததும் ஒரு ஜக்கு ஆர்ஓ தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றி, உடனே பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒற்றித் துடைத்தேன். தகழியின் அடிவளைவு, அன்னத்தின் கழுத்து, தண்டின் திருகுமரை, மூன்று இடத்திலும் ஈரம் ஒளிந்திருக்கும். விளக்கைத் தனித்தனியாகக் கழற்றித் துடைத்தால்தான் வெளியே வரும். புளி மிஞ்சினாலும் பித்தளை கறுக்கும் என்பதால் ஊற்றுவதில் கஞ்சத்தனம் கூடாது. அடுத்த வெள்ளி வரைக்கும் மினுங்கியது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த வெள்ளி ஜக்கை அவரே எடுத்து வைத்திருந்தார்.

கழிவுத் தண்ணீரும் ஏசித் தண்ணீரும்

ஆர்ஓவின் கழிவுக் குழாயைச் சிங்கில் விடாமல் இருபது லீற்றர் கானுக்குள் விட்டிருக்கிறேன். அது ஊத்தைத் தண்ணீர் இல்லை, உப்புக் கூடிய தண்ணீர்தான். மலசலகூடத்துக்கு, நிலம் துடைக்கும் முதல் வாளிக்கு, கால்மிதி தோய்க்க. கண்ணாடிக்கும் வெள்ளை உடுப்புக்கும் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். பல்கனிச் செடிக்கு ஊற்றிக் கறிவேப்பிலைக் கன்று ஒன்றைக் கருக்கியிருக்கிறேன்.

ஏசித் தண்ணீர் நேர்மாறு: கனிமம் இல்லை, தூசு உண்டு. மெல்லிய துணியில் வடித்தால் யன்னலின் கடைசித் துடைப்புக்கு அருமையாக இருக்கும். கொழும்பின் புழுக்கத்துக்கு ஒரு படுக்கையறை ஏசியே இரவில் சில லீற்றர் தரும். குடிக்கவும் சமைக்கவும் கூடாது.

இரண்டுக்கும் மூடி வேண்டும். டெங்கு நுளம்புக்குத் தேங்கின தெளிந்த தண்ணீர்தான் பிடிக்கும். ஏசிக் குழாய்க்குக் கீழே திறந்த வாளி வைத்தால் அதற்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் வழக்கும் போடுவார். வாய் ஒடுங்கிய கானில் குழாயைச் செருகி, சுற்றிவரத் துணி அடைத்து, நாலு நாளுக்குள் பாவித்து முடித்துவிடுங்கள். ஆர்ஓ தண்ணீரையும் அதிக நாள் வைக்கக்கூடாது. குளோரின் எடுபட்ட தண்ணீர், பாசி பிடிக்கும். ஸ்பிரே போத்தலைக் கிழமைக்கு ஒருதரம் கழுவி நிரப்புகிறேன்.

இவ்வளவும் எழுதிய பிறகும், எனக்கு அதிகம் உதவியது மெசினோ மீற்றரோ இல்லை. காவலாளி அண்ணையிடம் போய், குழாய்க்கிணற்று மோட்டரைப் போடுகிற நாளில் எனக்கு ஒரு மிஸ்ட் கோல் தரச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு பழகிவிட்டார். இன்று காலை ஆறே முக்காலுக்கு அடித்து நின்றது. ஊறப்போட்டிருந்த தங்கை மகனின் இரண்டு சேட்டையும் எடுத்துப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டேன். தோய்ப்பு நாளை மறுநாள்.